உயர்கட்டட ஒளிர் பெயர்ப்பலகை

உயர்கட்டட ஒளிர் பெயர்ப்பலகை என்பது பல மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலோ மேல்மாடிச் சுவரிலோ பொருத்தப்பட்டு, இரவில் மின்விளக்கால் ஒளிரும் பெரிய எழுத்துகளையும் சின்னத்தையும் குறிக்கும். மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள், வங்கிகள், மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவற்றின் கட்டடங்களில் இவற்றைப் பரவலாகக் காணலாம். தெருவில் நிற்பவருக்கு விரல் அளவாகத் தெரியும் ஓர் எழுத்து, அருகில் போய்ப் பார்த்தால் இரண்டு ஆள் உயரம் இருக்கும்.

இத்தகைய பலகையை விளக்காக மட்டும் கருதுவது தவறு. கட்டடத்தைப் பொறுத்தவரை அது காற்றைத் தடுத்து நிற்கும் ஒரு பாய். அதனால் அதன் வடிவமைப்பில் ஒளியைவிடக் காற்றுக்கும், மழைநீருக்கும், மின்கசிவுக்கும், பிற்காலத்தில் பழுது பார்க்க ஏறுபவரின் பாதுகாப்புக்குமே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

வரலாறு

தொடக்ககாலப் பெரிய ஒளிர் பலகைகள் சாதாரண இழைக் குமிழ் விளக்குகளால் ஆனவை. 1925 முதல் 1934 வரை பாரிசின் ஈபெல் கோபுரத்தில் சிட்ரோயன் என்ற கார் நிறுவனத்தின் பெயர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் குமிழ்களால் ஒளிர்ந்தது.

நியான் வாயுவை 1898இல் வில்லியம் ராம்சே, மோரிசு டிராவர்சு ஆகியோர் கண்டறிந்தனர். அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து ஒளிரச் செய்யும் விளக்கை 1910இல் பாரிசில் ஜார்ஜ் குளோட் காட்சிப்படுத்தினார். குழாயைச் சூடாக்கி எழுத்து வடிவில் வளைக்க முடிந்ததால் நியான் பல பத்தாண்டுகள் விளம்பர உலகை ஆண்டது. ஆனால் அதற்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவைப்பட்டது. குழாய் உடைந்தால் அதே வளைவில் வேறொன்றைச் செய்ய வேண்டியிருந்தது.

1990களில் ஒளிமிக்க நீல எல்.இ.டி. உருவான பின் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாயிற்று. நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானின் ஒசாகா நகரில் 1935இலிருந்து இருந்துவரும் புகழ்பெற்ற கிளிகோ பலகையும் 2014இல் புதுப்பிக்கப்பட்டபோது நியானிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியது. இன்று புதிதாக அமையும் பலகைகளில் பெரும்பாலானவை எல்.இ.டி. வகையே.

வகைகள்

* பெட்டிப் பலகை: உலோகப் பெட்டியின் முகப்பில் ஃபிளெக்ஸ் துணி அல்லது அக்ரிலிக் தகடு, உள்ளே விளக்கு. செலவு குறைவு. ஆனால் முழுப் பரப்பும் காற்றைத் தடுக்கும்.
* முகம் ஒளிரும் தனியெழுத்து: ஒவ்வோர் எழுத்தும் ஒரு தனிப் பெட்டி. பக்கச்சுவர் அலுமினியத் தகடு, முகம் ஒளி ஊடுருவும் அக்ரிலிக். உயர்கட்டடங்களில் இதுவே மிகுதி.
* பின்னொளி எழுத்து: முகம் உலோகம். ஒளி பின்புறச் சுவரில் பட்டு எழுத்தைச் சுற்றி ஒளிவட்டமாகத் தெரியும். அருகிலிருந்து அழகு, தொலைவில் தெளிவு குறைவு.
* திறந்த எழுத்து: முகத்தகடு இல்லாமல் எல்.இ.டி. புள்ளிகள் நேரடியாகத் தெரிபவை. மிகத் தொலைவுக்கு ஏற்றவை.

எழுத்தின் அளவு

எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது கட்டடத்தின் உயரத்தைவிட, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. கண் மருத்துவர் பயன்படுத்தும் அட்டையில், இயல்பான பார்வை உடையவர் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து கண்ணில் 5 கலை கோணத்தை உண்டாக்குகிறது (60 கலை ஒரு பாகை). இந்தக் கணக்கில் 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எழுத்து ஏறத்தாழ 1.45 மீட்டர் உயரம் இருந்தால்தான் அடையாளம் தெரியும். இது கடைசி எல்லை. சிரமமின்றிப் படிக்க, 10 அடித் தொலைவுக்கு 1 அங்குல எழுத்து என்பது தொழிலில் வழங்கும் பொதுவிதி. அதன்படி 500 மீட்டருக்குச் சுமார் 4.2 மீட்டர் எழுத்து வேண்டும். கண்ணின் எல்லைக் கணக்கிலோ 0.73 மீட்டர் போதும். வடிவமைப்பாளர் இவ்விரண்டுக்கும் இடையே, செலவையும் காற்றையும் எண்ணிப் பார்த்து, ஓர் அளவைத் தேர்கிறார்.

பார்க்கும் கோணமும் முக்கியம். 50 மீட்டர் உயரத்தில் உள்ள பலகையைக் கட்டடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தால், எழுத்தின் உயரம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கித் தெரியும். ஆகவே உச்சிப் பலகை எதிர்த் தெருவில் நிற்பவருக்கானதன்று. மேம்பாலத்திலும் தொலைவுச் சாலையிலும் வருபவருக்கானது. வாசலைத் தேடி வருபவருக்குத் தரைமட்டத்தில் வேறொரு சிறு பலகை வைப்பதே வழக்கம்.

தமிழ் எழுத்துகளுக்கு உரிய சிக்கல்கள்

இருட்டில் பளிச்சென ஒளிரும் கோடு கண்ணுக்கு உண்மையான அளவைவிடத் தடிமனாகத் தெரியும். இதனால் எழுத்தின் உள்வெளிகள் அடைபட்டதுபோல் தோன்றும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைவிட, சுழிகளும் வளைவுகளும் மிகுந்த தமிழ் எழுத்துகளில் இது கூடுதலாக நிகழும். ண, ன ஆகிய இரண்டும் தொலைவில் ஒன்றாகவே தெரிவதுண்டு. ஞ, ஐ போன்றவை ஒளித்திட்டாகிவிடும். தடித்த அச்செழுத்தை அப்படியே பெரிதாக்காமல், கோட்டைச் சற்று மெலிதாக்கி, சுழியை அகலத் திறந்து வரைவது இதற்குத் தீர்வு.

இன்னொரு சிக்கல் துண்டுகளின் எண்ணிக்கை. ‘மருத்துவமனை’ என்ற சொல்லில் எழுத்துகள் ஏழு. ஆனால் தகரத்தின் மேலுள்ள புள்ளியும், னகரத்தின் முன்னுள்ள ஐகாரக் குறியும் தனித்தனியே நிற்பதால், பட்டறையில் ஒன்பது துண்டுகள் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிடிப்பும் தனிக் கம்பி இணைப்பும் தேவை. புள்ளி சிறியது என்பதால் அதை இரண்டு திருகாணிகளில் நிறுத்திவிடுவதும், கம்பியை வெளியே தொங்கவிடுவதும் பிற்காலப் பழுதுக்கு வழி வகுக்கும். புள்ளியின் விளக்கு அணைந்தால் ‘பால்’ என்பது ‘பால’ ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. பிற மொழிகளும் இடம்பெற்றால் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். இடப் பங்கீட்டை முதல் வரைபடத்திலேயே இதற்கேற்பச் செய்துகொள்வது நல்லது.

காற்றுச் சுமை

காற்று ஒரு பரப்பின் மீது தரும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 பகுதி 3 தரும் சூத்திரம் எளிமையானது:

அழுத்தம் (நியூட்டன்/சதுர மீட்டர்) = 0.6 × வேகம் × வேகம்

இதில் வேகம் நொடிக்கு மீட்டர் என்ற அலகில் இருக்க வேண்டும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதைக் கவனிக்க. இத்தரநிலை ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்றுவேகத்தை வகுத்துள்ளது. சென்னைக்கு அது நொடிக்கு 50 மீட்டர் (மணிக்கு 180 கி.மீ.), கோயம்புத்தூர், மதுரை ஆகியவற்றுக்கு 39 மீட்டர். ஒரே பலகை, ஒரே உயரம் என்றாலும் கோவையில் சதுர மீட்டருக்கு 913 நியூட்டன் என்றால் சென்னையில் 1,500 நியூட்டன். ஆகவே ஓர் ஊருக்குப் போட்ட வரைபடத்தை வேறோர் ஊரில் அப்படியே பயன்படுத்தக் கூடாது.

இந்த அடிப்படை வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. மேலே போகப்போகக் காற்று வலுக்கும். எடுத்துக்காட்டாக, சென்னையில் 50 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியில் 12 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரமுள்ள பெட்டிப் பலகை வைப்பதாகக் கொள்வோம். உயரத்துக்காக வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி 55 மீட்டர் என எடுத்துக்கொண்டால்:

* அழுத்தம் = 0.6 × 55 × 55 = 1,815 நியூட்டன்/சதுர மீட்டர்
* பரப்பு = 12 × 2.5 = 30 சதுர மீட்டர்
* மொத்த விசை = 54,450 நியூட்டன், அதாவது சுமார் ஐந்தரை டன் எடைக்குச் சமமான தள்ளல்

பலகையின் சொந்த எடை ஒரு டன்தான் என்றாலும், காற்று அதைப்போல் ஐந்தரை மடங்கு விசையுடன் பக்கவாட்டில் தள்ளும். உண்மையான வடிவமைப்பில் வடிவக் காரணி, நில அமைப்பு முதலியவற்றையும் சேர்க்கும்போது இது இன்னும் கூடலாம். பெட்டிக்குப் பதிலாகத் தனியெழுத்துகளைத் திறந்த சட்டகத்தில் வைத்தால் இடைவெளிகளில் காற்று கடந்துபோகும். காற்றைத் தடுக்கும் பரப்பு பெரிதும் குறையும். உயர்கட்டடங்களில் தனியெழுத்துகள் மிகுதியாக இருப்பதற்கு அழகைவிட இதுவே வலுவான காரணம்.

தாங்கு சட்டகமும் நங்கூரமும்

மேற்கண்ட பலகையின் நடுப்பகுதி மொட்டைமாடித் தளத்திலிருந்து 4 மீட்டர் மேலே இருக்கிறது. சட்டகத்தின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி 2 மீட்டர் எனக் கொள்வோம். முன்னாலிருந்து காற்று தள்ளும்போது சட்டகம் பின்னோக்கிச் சாய முயலும். பின்கால்கள் தளத்தை அழுத்தும். முன்கால்கள் மேல்நோக்கி இழுக்கப்படும். நெம்புகோல் கணக்குப்படி அந்த இழுவிசை 54,450 × 4 ÷ 2 = 1,08,900 நியூட்டன், அதாவது சுமார் 11 டன். ஆறு சட்டகங்கள் பகிர்ந்துகொண்டாலும் ஒவ்வொரு முன்காலையும் ஏறத்தாழ 1.8 டன் விசை பிடுங்கப் பார்க்கும். காற்று திசை மாறினால் இந்தப் பங்குகளும் மாறிவிடும்.

எனவே சட்டகம் ‘கனமாக இருக்கிறது, நிற்கும்’ என்று விடக்கூடியதன்று. அதைக் கட்டடத்தின் தூணுடனோ காங்கிரீட் உத்தரத்துடனோ நங்கூரமிட வேண்டும். செங்கல் கைப்பிடிச் சுவர் ஆட்கள் விழாமல் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது. அது இந்த விசையைத் தாங்காது. மொட்டைமாடியின் மேல்தட்டு ஓடும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கலவையும் நங்கூரத்தைப் பிடிக்கா. துளை அவற்றைக் கடந்து காங்கிரீட்டுக்குள் போக வேண்டும். அவ்வாறு துளைத்த இடத்தில் நீர்த்தடுப்புப் பூச்சை மறுபடி செய்யாவிட்டால், முதல் மழையிலேயே மேல்மாடிக் கூரை ஒழுகும். நாளடைவில் உள்ளிருக்கும் கம்பியும் துருவேறும்.

கண்ணாடி முகப்புள்ள கட்டடங்களில் கண்ணாடியோ அதன் அலுமினியச் சட்டமோ சுமை தாங்கா. கண்ணாடிகளின் இணைப்பு இடைவெளி வழியாகத் தாங்கியை உள்ளே செலுத்தி, தளத்தின் காங்கிரீட் விளிம்பில் பொருத்த வேண்டும். இதைக் கட்டடம் எழும்போதே திட்டமிட்டால் எளிது. பின்னர் செய்வது கடினமும் செலவும் மிக்கது.

கடற்கரை நகரங்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். சட்டகத்துக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு ஏற்றது. அலுமினிய எழுத்தும் இரும்புச் சட்டகமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால், ஈரம் படும்போது அவ்விடம் ஒரு சிறு மின்கலம்போலாகி அலுமினியம் அரிக்கப்படும். இதைத் தவிர்க்க இடையே நைலான் வளையம் வைப்பர்.

வெப்ப விரிவும் கணக்கில் வர வேண்டும். 3 மீட்டர் நீள அக்ரிலிக் தகடு, வெப்பநிலை 30 பாகை செல்சியசு உயரும்போது சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியம் 2 மில்லிமீட்டரே நீளும். தகட்டை இறுக்கமாகத் திருகினால் வெயிலில் விரிசல் விழும். ஆகவே திருகாணியைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

மின் அமைப்பு

எல்.இ.டி. தொகுதிகள் பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை இதற்கு மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. இதை எங்கே வைப்பது என்பது முக்கியமான கேள்வி. 100 வாட் எழுத்துக்கு 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 மீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோனால், போகவர 20 மீட்டரில் மின்தடை சுமார் 0.24 ஓம், மின்னழுத்த இழப்பு 2 வோல்ட். அந்த எழுத்து மங்கித் தெரியும். 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாவதால் இழப்பு 1 வோல்ட் மட்டுமே. எனவே பெரிய பலகைகளுக்கு 24 வோல்ட் மேலானது. மின்வழங்கியை எழுத்துக்கு அருகிலும், அதே வேளையில் கயிற்றில் தொங்காமல் கையெட்டும் இடத்திலும் வைக்க வேண்டும். அதன் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுமை ஏற்றாமலிருப்பது நல்ல வழக்கம்.

மழைநீரை முற்றிலும் தடுப்பது அரிது. புகுந்த நீர் வெளியேற வழி செய்வதே நடைமுறை. அதற்காக ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் வடிதுளை இடப்படும். கம்பி இணைப்புகள் நீர் புகாப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். மண்ணிணைப்பு, கசிவு உணர்ந்து துண்டிக்கும் ஆளி, மொட்டைமாடியிலேயே முழுப் பலகையையும் அணைக்கும் தனி ஆளி ஆகியவை கட்டாயத் தேவைகள். கட்டடத்தின் மிக உயர்ந்த உலோகப் பகுதி இச்சட்டகமாகவே இருக்கக்கூடும் என்பதால், அதை இடிதாங்கி அமைப்புடன் இணைக்க வேண்டும்.

தீ அபாயம் கற்பனை அன்று. சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சியிலிருந்த ஒளிரும் பெயர்ப்பலகையில் 2023 ஏப்ரல் 2 அன்று தீப்பிடித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உயிரிழப்பு ஏதுமில்லை. மின்கசிவே காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. அக்ரிலிக் எரியக்கூடிய பொருள். பின்புறம் பொருத்தப்படும் ஏ.சி.பி. தகட்டின் நடுவில் சாதாரண நெகிழி இருந்தால் அதுவும் எரியும். தீயை எதிர்க்கும் கனிம நடுப்பகுதி கொண்ட தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

பொருத்தும் முறை

1. கட்டமைப்புப் பொறியாளர் கட்டடத்தை ஆய்ந்து, நங்கூர இடங்களைக் குறித்து, சான்று அளிக்கிறார். உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெறப்படுகிறது. விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் பலகையின் உச்சியும் கட்டட உயரக் கணக்கில் சேரும். சிவப்பு எச்சரிக்கை விளக்கைப் பலகை மறைக்கக் கூடாது.
2. பட்டறையில் எழுத்துகள் தயாரான பின், தரையிலேயே இரவு பகலாக எரியவிட்டுச் சோதிக்கப்படுகின்றன. தரையில் பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய ஒரு தொகுதியை மேலே மாற்ற ஒரு முழு நாள் ஆகலாம்.
3. எழுத்துகளின் முழு அளவு அச்சுத்தாள் சுவரில் ஒட்டப்பட்டு, துளையிடும் இடங்கள் குறிக்கப்படுகின்றன.
4. பாரந்தூக்கி எட்டாத இடங்களில், சட்டகம் மின்தூக்கியிலோ படிக்கட்டிலோ கொண்டுபோகும் அளவுத் துண்டுகளாகச் செய்யப்பட்டு, மேலே போல்ட்டால் இணைக்கப்படுகிறது. மொட்டைமாடியில் வெல்டிங் செய்தால் தீப்பொறி கீழே விழாமல் தடுப்பு வேண்டும்.
5. சுவர் எழுத்துகளுக்குத் தொங்கு மேடையிலோ கயிற்றிலோ இறங்கிப் பணியாற்றுகின்றனர். முழு உடல் பாதுகாப்பு வாரும், ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று பிடித்திருக்கும் இரட்டைக் கொக்கியும் வேண்டும். பணியாளரின் உயிர்க்கயிறு பலகைச் சட்டகத்தில் அன்றி வேறோர் உறுதியான இடத்தில் கட்டப்பட வேண்டும். கீழே நடைபாதை மூடப்பட வேண்டும்.

பணியின்போதுதான் ஆபத்து மிகுதி. எல்லா போல்ட்டுகளும் இறுக்கப்படாத சட்டகம், முழுமையான சட்டகத்தைவிடப் பலமடங்கு வலுக்குறைந்தது. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே சாலையோர விளம்பரப் பலகை அமைக்கும் பணியில் சட்டகம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். காற்று எழும்போது வேலையை நிறுத்தி இறங்கிவிட வேண்டும்; ‘இன்னும் ஒரு தகடுதான்’ என்று தொடரக் கூடாது.

அளவு மீறலின் விளைவு 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் தெரிந்தது. பெட்ரோல் நிலையத்தின் அருகே நின்ற 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை புழுதிப் புயலில் சாய்ந்து 17 பேர் இறந்தனர். அது தரையில் ஊன்றப்பட்டது. ஒளிர் பெயர்ப்பலகை அன்று. ஆயினும் கணக்கு ஒன்றே: மும்பையின் அடிப்படை வேகமான நொடிக்கு 44 மீட்டரில், அந்தப் பரப்பின் மீது 150 டன்னுக்கும் மேற்பட்ட விசை விழும்.

ஒளியின் அளவு

பகலில் தெரிவதற்குத் தேவையான ஒளி, நள்ளிரவில் எதிர்வீட்டுப் படுக்கையறையைப் பகலாக்கிவிடும். இரவு ஏற ஏற ஒளியைக் குறைக்கும் கருவியும், குறித்த நேரத்தில் அணைக்கும் நேரக்கருவியும் இதற்காகவே உள்ளன. 2023 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோவில் ஒரு சமூக ஊடக நிறுவனத்தின் தலைமை அலுவலகக் கூரையில் பெரிய ‘எக்ஸ்’ எழுத்து அனுமதியின்றி வைக்கப்பட்டது. அதன் கட்டமைப்புப் பாதுகாப்பு, கண்கூசும் ஒளி ஆகியவை குறித்து நகர நிர்வாகத்துக்கு 24 புகார்கள் சென்றன. சில நாள்களிலேயே அது அகற்றப்பட்டது.

பராமரிப்பும் அகற்றலும்

எல்.இ.டி. தொகுதிகளுக்கு 50,000 மணி நேர ஆயுள் என்று குறிப்பிடுவது வழக்கம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால் இது 11 ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆனால் அந்த எண், ஒளி எழுபது விழுக்காடாகக் குறையும் காலத்தையே பொதுவாகக் குறிக்கிறது. மின்வழங்கிகள் அதற்கு முன்பே பழுதாகக்கூடும். பழைய எழுத்துகளின் நடுவே புதிய தொகுதி தனித்துப் பளிச்சிடும் என்பதால், தொடக்கத்திலேயே அதே தொகுப்பிலிருந்து உதிரித் தொகுதிகளை வாங்கி வைத்துக்கொள்வர்.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், ஒருமுறை முழுச் சோதனை செய்வது பொருத்தமானது. போல்ட்டுகளின் இறுக்கம், துரு, வடிதுளை அடைப்பு, மண்ணிணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12இல் சென்னையைத் தாக்கிய வர்தா போன்ற புயலுக்குப் பிறகு, விளக்கு எரிகிறது என்பதாலேயே பலகை நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. நங்கூரங்களைத் தனியே பார்க்க வேண்டும்.

நிறுவனம் இடம் மாறும்போது எழுத்துகளை மட்டும் கழற்றிவிட்டுச் சட்டகத்தை அப்படியே விட்டுச் செல்வது பல இடங்களில் காணப்படுகிறது. கவனிப்பாரற்ற சட்டகம் ஆண்டுதோறும் துருவேறி வலுவிழக்கும். ஒப்பந்தத்தில் பொருத்தும் செலவுடன் அகற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதி வைத்தால் இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம்.